நோயாளியின் மருந்தும் அமானிதமே!



பணம் களவு போனால் பொருள் மட்டுமே போகும். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் படுக்கையிலிருக்கும் ஒருவரின் வலி நிவாரணி களவு போனாலோ, அவர் இரவு முழுவதும் வேதனையில் துடிக்க நேரும். நினைவாற்றல் இழந்தவரானால், மருந்து தரப்படவில்லை என்று சொல்லவும் இயலாது. நோய் முற்றிவிட்டதெனக் கருதி மருத்துவர் அளவைக் கூட்டக்கூடும். கூட்டிய அளவும் திருடியவர் கைக்கே போய்ச் சேரும்.

அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்கள் பல்லாண்டுகளாக இக்கொடுமையோடு போராடி வருகின்றன. ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், மார்ஃபின், ஃபென்டனில் ஆகியவையே பெரும்பாலும் குறிவைக்கப்படுகின்றன. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இவை கடும் கட்டுப்பாடுள்ள இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளன.

களவு நடக்கும் விதம்

கொடுக்காத மாத்திரையைக் கொடுத்ததாகப் பதிவேட்டில் எழுதுவார்கள். அட்டையின் பின்புறத்தைக் கீறி, அதே தோற்றமுள்ள வேறு மாத்திரையை வைத்து ஒட்டிவிடுவார்கள். திரவ மருந்தில் தண்ணீர் கலப்பார்கள். பொதுவாக 72 மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றப்படும் ஃபென்டனில் ஒட்டுப்பட்டையை நோயாளியின் தோலிலிருந்தே உரித்தெடுப்பார்கள். இறந்தவரின் எஞ்சிய மருந்தைக்கூட விட்டுவைப்பதில்லை.

தடுக்கும் வழி

இத்தகைய மருந்துகள் தனிப் பூட்டுடைய, நிலையாகப் பொருத்தப்பட்ட பெட்டியில் இருக்க வேண்டும்; வரவும் செலவும் பதிவாகி, அவ்வப்போது சரிபார்க்கப்பட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒவ்வொருவரின் மருந்துகளையும் மாதம் ஒருமுறையேனும் மருந்தாளுநர் ஆய்வு செய்ய வேண்டும்.

நல்ல இல்லங்களில், பணி முடிப்பவரும் பணி ஏற்பவரும் சேர்ந்து எண்ணிக் கையொப்பமிடுகிறார்கள். மீந்த மருந்தை இருவர் முன்னிலையில்தான் அழிக்கிறார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ளும் மரபை அறிந்த நமக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். இது ஊழியர்களை அவமதிப்பதன்று; நேர்மையான செவிலியரைப் பழியிலிருந்து காக்கும் கேடயமும் இதுவே.

குடும்பத்தாரின் கடமை

அங்கே உங்கள் பெற்றோரோ உறவினரோ இருந்தால், அவர்களின் மருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு நேரங்களில் சென்று பாருங்கள். மருந்து கொடுத்ததாகப் பதிவிருந்தும் வலி குறையவில்லையா? குறிப்பிட்ட ஒருவர் பணியிலிருக்கும் நேரத்தில் மட்டும் வேதனை கூடுகிறதா? நாள், நேரத்துடன் குறித்து வையுங்கள். பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை அங்கு வசிப்பவருக்கும் அவருடைய சட்டப் பிரதிநிதிக்கும் உண்டு.

ஆதாரமின்றி எவர் மீதும் பழி சுமத்தாதீர்கள். அதே வேளையில், ஐயத்தை மனத்திற்குள் புதைத்தும் விடாதீர்கள். முதலில் செவிலியர் தலைவரிடமும் மருத்துவரிடமும் தெரிவியுங்கள். வசிப்பவரின் உடைமை அபகரிக்கப்பட்டதாகப் புகார் எழுந்தால், இல்லத்தின் நிர்வாகம் 24 மணி நேரத்திற்குள் மாநில அதிகாரிகளுக்கு அறிவித்தாக வேண்டும். முதியோருக்காக வாதாடும் குறைதீர்ப்பாளர் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறார், அவரையும் அணுகலாம்.

போதைக்கு அடிமையாகித் திருடிய ஊழியருக்குச் சிகிச்சை தேவைதான். ஆனால் அவர் மீதான இரக்கம் உண்மையை மறைக்கக் காரணமாகிவிடக் கூடாது. ஓசையின்றிப் பணி நீக்கம் செய்து அனுப்பிவிட்டால், அவர் அடுத்த இல்லத்தில் அடுத்த முதியவரின் மருந்துப் பெட்டிச் சாவியைக் கையில் வாங்குவார்.

பேச இயலாதவரின் வலிக்கு நாமே சாட்சி. அந்தச் சாட்சியத்தை மறைக்காதிருப்போமாக!