மெய்யொலிகள் பிறக்கும் விதம்



லூமுட் என்னும் ஊர்ப்பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். தமிழ் மெய்கள் 18. அவை வல்லினம், மெல்லினம், இடையினம் என ஆறாறாகப் பிரிந்தவை. அம்மூன்று இனத்திலும் ஒவ்வொன்று இப்பெயரில் இருக்கிறது.

‘ல்’ ஒலிக்கும்போது நுனிநாக்கு மேற்பல்லை அடுத்த ஈறைத் தொடுகிறது. காற்று நாவின் ஓரங்களில் வழிகிறது. ‘ம்’ ஒலிக்கும்போது இதழ்கள் மூடிக்கொள்ள, காற்று மூக்கின் வழியே போகிறது. சளி பிடித்த குழந்தை ‘அம்மா’ என்றழைத்தால் அது ‘அப்பா’ போலக் கேட்பது இதனால்தான். (அப்பாமார் மகிழ்ந்துவிட வேண்டாம்.) ‘ட்’ ஒலிக்க நாம் நாக்கை மடித்து அண்ணத்தில் வைக்கிறோம். மலாய்க்காரர் அப்படி மடிப்பதில்லை. அவர்கள் நுனிநாக்கைப் பல்லின் பின்னே நிறுத்திக் காற்றை அங்கேயே அடைத்துவிடுகிறார்கள்.

உயிரொலிக்குக் காற்று தடையின்றி வரும். மெய்யொலிக்கோ எங்கேனும் ஒரு தடை வேண்டும். தடைபடும் இடத்தையும் விதத்தையும் பொறுத்து ஒலி மாறும். தொல்காப்பியர் பிறப்பியலில் பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என உறுப்புகளை எண்ணிச் சொல்லியிருக்கிறார். காற்று உந்தியிலிருந்து எழுவதாக அவர் சொன்னதை இன்று நுரையீரல் என்கிறோம். மற்றவை பெரும்பாலும் இன்றும் பொருந்துகின்றன.

இன்னொரு விஷயம். கழுத்தில் விரலை வைத்து ‘ம்ம்ம்’ என்றால் அதிர்வு தெரியும். ‘ஸ்ஸ்ஸ்’ என்றால் தெரியாது. முன்னதில் குரல்நாண்கள் அதிர்கின்றன. ‘தம்பி’யில் தகரம் அதிர்வில்லாதது, ‘பந்து’வில் அதே தகரம் அதிர்கிறது. எழுத்து ஒன்றே என்பதால் நாம் கவனிப்பதில்லை. மலாயில் இது பொருளையே மாற்றும். தமிழில் ‘துவா’ என்று ஒரே விதமாக எழுதும் இரு சொற்களில், அதிர்வுள்ளது இரண்டு; அதிர்வில்லாதது முதுமை. கிளினிக்கில் மருந்தளவு கேட்கும்போது இந்த வேறுபாடு காதில் பட வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கடினமானவை வால், வாள், வாழ். ‘ள்’ ஒலிக்க, மடித்த நாக்கு அண்ணத்தைத் தொடும். ‘ழ்’ ஒலிக்கத் தொடாமல் நெருங்கி நிற்கும். ‘பழம்’ ‘பளம்’ ஆவது அந்தச் சிறு இடைவெளி மூடுவதால். பிள்ளையைத் திட்டாமல், கண்ணாடி முன் நிறுத்தி நாக்கைக் காட்டிக் கொடுங்கள்.

பள்ளி செல்லும் வயதிலும் பேச்சு தெளிவில்லை என்றால், முதலில் பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று மருத்துவரிடம் பரிசோதியுங்கள். கேளாத ஒலியை நாக்கு கற்றுக்கொள்வது கடினம்.