சின்னக் கப்பலின் சாப்பாட்டு மேசை

2024 ஜனவரியில் முதற்பயணம் புறப்பட்ட ‘ஐகொன் ஒஃப் த சீஸ்’ கப்பலில் 5,600 பேருக்கு மேல் பயணம் செய்யலாம். சாப்பிடவும் குடிக்கவும் அதில் 40க்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. ‘சீட்ரீம்’ கப்பலில் ஏறக்கூடியவர்கள் 112 பேர் மட்டுமே. அவர்களுக்கு ஓர் உணவுக்கூடம், மேல்தட்டில் திறந்தவெளி மேசைகள், அவ்வளவுதான். ஆனாலும் ஓர் இரவுக்கான கட்டணம் சின்னக் கப்பலில்தான் பல மடங்கு அதிகம். குறைந்த தெரிவுக்கு மனிதர்கள் ஏன் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்கள்? சிலாபத்தில் இருக்கும் நமக்கு இது தூரத்து விஷயமாகத் தோன்றலாம். நமது மீன்பிடித் துறைமுகத்துக்குள் அப்படியொரு கப்பல் வரப்போவதும் இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து கொச்சிக்குப் போகும் கப்பல்கள் நமது கடலுக்கு வெளியேதான் போகின்றன. அவற்றின் மேசையில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று விசாரித்தால், கேள்வி நமது களப்பில் வந்து நிற்கும்.

பெரிய கப்பலில் உணவகங்கள் பெருகியதற்கு முதற்காரணம் கூட்டம். ஐயாயிரம் பேரை ஒரே நேரத்தில் உட்கார்த்தி வைக்க எந்த மண்டபத்தாலும் முடியாது. அதனால் முன்பு இரவு உணவை இரண்டு பந்திகளாகப் பிரித்தார்கள், இன்று பல கூடங்களாகவும் பிரிக்கிறார்கள். 1984இல் வந்த ‘சீ கொடெஸ் 1’ இந்த வழக்கத்தை மாற்றியது. 116 பயணிகள், ஒரே பந்தி. விரும்பிய நேரத்தில் விரும்பியவரோடு அமரலாம். அதே கப்பல்தான் இன்று சீட்ரீம் 1 என்ற பெயரில் ஓடுகிறது. 112 பயணிகளுக்கு ஏறக்குறைய 95 பணியாளர்கள் இருப்பதால், யாருக்கு உறைப்பு ஆகாது, யார் இறால் தொடமாட்டார் என்பது இரண்டாம் நாளே குசினிக்குத் தெரிந்துவிடும். ஓடர் வந்த பிறகு அடுப்பில் வைக்கும் ஆறுதலும் கிடைக்கிறது. தெரிவு குறைவுதானே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான், பதினான்கு நாள் பயணத்தில் ஒரே கூடம் சிலருக்கு அலுத்துப்போகும். ஆனால் மாதக்கணக்கில் முன்பே தீர்மானிக்கப்பட்டு, கொள்கலன்களில் ஏற்றப்பட்ட பட்டியலிலிருந்து நாற்பது வகை தெரிவு செய்வதைவிட, அன்று காலை துறைமுகச் சந்தையில் வாங்கிய ஒரு மீன் பெரிய தெரிவு என்றே நான் கருதுகிறேன்.

இங்கே கப்பலின் இயல்பில் உள்ள ஒரு விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த உணவுக்கூடம் கடலில் ஆடாமல் இருப்பது எப்படி? கப்பலின் ஆட்டத்தில் முக்கியமானவை இரண்டு. ஒன்று இடம் வலமாகச் சாய்வது, மற்றது முன்னும் பின்னும் ஏறி இறங்குவது. நீளமான கப்பல் பல அலைகளின் மேல் ஒரே நேரத்தில் கிடப்பதால் அதிகம் ஏறி இறங்குவதில்லை. சின்னக் கப்பலுக்கு அந்த வசதி கிடையாது. பிள்ளைகள் விளையாடும் சீசோப் பலகையில் நடுவில் இருப்பவர் அசைவதே இல்லை அல்லவா, அதே கணக்கில்தான் பிரதான உணவுக்கூடத்தைக் கப்பலின் நடுப்பகுதிக்கு அருகிலும் முடிந்தளவு கீழ்த்தட்டிலும் வைக்க முயல்கிறார்கள். பக்கவாட்டுச் சாய்வைக் கையாள இன்னொரு கருவி உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே, கப்பலின் இரு புறமும், மீனின் பக்கச் செட்டைகள் போல இரண்டு இரும்புச் செட்டைகள் நீண்டிருக்கும். கப்பல் சாயத் தொடங்கும் கணத்தை ஒரு சுழல்மானி உணர்ந்து சொல்ல, ஒரு செட்டை மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் திரும்பும். விமான இறக்கையைக் காற்று தூக்குவது போல ஓடும் நீர் ஒரு பக்கத்தைத் தூக்கி மறு பக்கத்தை அழுத்த, சாய்வு அடங்கும். 1936இல் ‘ஐல் ஒஃப் சார்க்’ என்ற ஆங்கிலக் கால்வாய்ப் பயணிகள் கப்பலில் டெனி-பிரவுன் செட்டைகள் பொருத்தப்பட்ட பிறகு இந்தத் தொழில்நுட்பம் பரவியது. ஓடும் கப்பலில் சாய்வின் பெரும்பகுதியை இவை அடக்கிவிடும். ஆனால் நீர் ஓடினால்தான் தூக்கும் விசை உண்டு. நங்கூரமிட்டு நிற்கும்போது பழைய வகைச் செட்டைகளால் பயன் குறைவு. சின்னக் கப்பல்களோ பெரிய துறைமுகம் இல்லாத குடாக்களில் நங்கூரமிட்டு இரவு உணவு பரிமாறுவதையே பெருமையாகக் கொண்டவை. அதனால்தான் நின்ற நிலையிலும் துடுப்புப் போல அசைந்து வேலை செய்யும் புதிய செட்டைகள் வந்தன. திறந்தவெளி மேசையில் மெழுகுதிரி அணையாமல் இருக்க, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் கப்பலைத் திருப்பிவைக்கவும் சின்னக் கப்பலின் கப்டனால் முடியும். இத்தனைக்கும் பிறகு கடல் கொந்தளித்தால், மேசைவிரிப்பை ஈரமாக்கித் தட்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் பழைய முறைதான் கைகொடுக்கும்.

கடலின் கட்டுப்பாடுகள் குசினிக்கும் உண்டு. அங்கே திறந்த நெருப்பு அனேகமாக இருக்காது. அடுப்பெல்லாம் மின்சாரம், பாத்திரம் சரியாதபடி அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு. மிச்ச உணவைக்கூட நினைத்த இடத்தில் கொட்ட முடியாது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் எதுவும் போடக்கூடாது, அரைத்ததை அதற்கு அப்பாலும் அரைக்காததை 12 கடல் மைலுக்கு அப்பாலும்தான் விடலாம் என்பது பொதுவான சர்வதேச விதி.

சின்னக் கப்பலின் மேசையைக் கரைதான் தீர்மானிக்கிறது என்பதற்கு ஆதாரம் நம் அயலிலேயே இருக்கிறது. 2023 ஜனவரி 13இல் வாரணாசியிலிருந்து புறப்பட்ட ‘கங்கா விலாஸ்’ வெறும் 18 அறைகளும் 36 பயணிகளும் கொண்ட ஆற்றுக் கப்பல். வங்கதேசம் வழியாகத் திப்ருகர் வரை 51 நாள், ஏறக்குறைய 3,200 கிலோமீற்றர். உள்ளூர் உணவும் பருவகாலக் காய்கறியும் பரிமாறுவோம், இறைச்சியும் மதுவும் இல்லை என்று நடத்துநர்கள் அறிவித்தார்கள். முதற்பயணத்தில் பெரும்பாலானவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். சில்வர்சீ நிறுவனம் ‘சில்வர் மூன்’ கப்பலில் தொடங்கிய ‘சால்ட்’ திட்டமும் இதே வழியில், கப்பல் போகும் பிரதேசத்துக்கு ஏற்ப உணவுப் பட்டியலை மாற்றுகிறது. வசதி படைத்தவர்கள் எங்கே போனாலும் ஒரே ஸ்டேக்கும் சல்மனும்தான் கேட்பார்கள் என்ற பழைய எண்ணம் இனிச் சரியாகாது.

அப்படியானால் கொழும்பில் நிற்கும் கப்பலுக்கு 80 கிலோமீற்றர் தூரத்திலுள்ள சிலாபத்து மீன் ஏன் எளிதில் போவதில்லை? கப்பல் குசினிக்குப் பயம் உண்டு, அந்தப் பயம் நியாயமானது. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் பயணிகள் கப்பல்களை அந்நாட்டுச் சுகாதாரத் துறை 100 புள்ளிக்குச் சோதிக்கிறது. 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் தோல்வி. அதனால் மீனில் கப்பல்காரர் முதலில் கேட்பது குளிர். சூரை, கெளவல்லை போன்ற மீன்கள் சூடேறினால் அவற்றின் தசையிலுள்ள ஹிஸ்டிடினைப் பக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நல்லதாகவே இருக்கலாம். உண்டவருக்கு முகம் சிவக்கும், தலையிடிக்கும், வாந்தி வரும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. பிடித்த நேரத்திலிருந்து ஐஸின் குளிர் விடாமல் காப்பதுதான் ஒரே வழி. வாரக்கணக்கில் கடலில் நிற்கும் நமது பலநாள் படகுகளில் ஐஸ் முதல்வாரமே கரையத் தொடங்கும்போது, முதலில் பிடித்த மீன்தான் அதிகம் கெடுகிறது. எல்லா மீனும் ஒரே குவியலாக இறங்கும் கரையில், எது எந்த நாளில் பிடிபட்டது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகிறது.

களப்பு நண்டு இதற்கு நேர்மாறு. செவுள் ஈரமாக இருக்கும்வரை நீருக்கு வெளியே சில நாட்கள் உயிர் வாழும். காலைக் கட்டி ஈரச் சாக்கில் வைத்தால் சிங்கப்பூர் வரை உயிரோடு போகும். செத்தால் அதன் சொந்தச் செரிமானச் சுரப்புகளே தசையைக் கரைக்கத் தொடங்கும் என்பதால் உயிர்தான் அதன் தரச் சான்று. ஆனால் அந்த நண்டு வளர்வது கண்டல் வேர்களுக்கிடையில். 1980களில் சிலாபத்திலிருந்து புத்தளம் வரை இறால் பண்ணைகள் பெருகியபோது பல இடங்களில் கண்டல் வெட்டப்பட்டது. பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து நீரை எடுத்து, கழிவையும் அதற்குள்ளேயே விட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒரு பண்ணையின் நோய் அந்தப் பொது நீரோடு அடுத்த பண்ணைக்கும் போனது. அதற்குப் பிறகு வலயம் வலயமாகக் குஞ்சு விடும் காலத்தைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. ஒருவரை ஒருவர் நம்பாத தொழிலிலும் சேர்ந்து கட்டுப்பட முடியும் என்பதை அது காட்டுகிறது. பம்பலையில் 2016இல் திறக்கப்பட்ட கண்டல் அருங்காட்சியகம் நமது வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோமா என்பது வேறு கேள்வி.

பணக்காரர் சாப்பாட்டுக்காக நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவருக்குச் சொல்ல ஒன்று உண்டு. நூறு பேர் கொண்ட கப்பல் வாங்கும் மீனால் சிலாபம் செழித்துவிடாது. அந்தக் கப்பல்கள் ஆளுக்கு எரிக்கும் எரிபொருளும் சிறிதல்ல. ஆனால் கப்பல்காரர் கேட்கும் குளிரும் கணக்கும், உடப்பிலும் சிலாபத்திலும் பாயாசம் இல்லாத சாதாரண மத்தியானச் சோற்றுக்கும் வேண்டியவைதான். ஹிஸ்டமின் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை. சோழகம் ஓய்ந்து ஒக்டோபர் வந்ததும் நமது கடலும் திறக்கிறது, உல்லாசக் கப்பல்களும் வரத் தொடங்குகின்றன. அதற்கு முன் நமது மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றைச் செய்யட்டும்: ஒவ்வொரு படகும் மீன் இறக்கும்போது பிடித்த நாளையும் மீனின் உள் வெப்பநிலையையும் எழுதிவைக்கட்டும். அதற்கு ஒரு வெப்பமானியும் ஒரு கொப்பியும் போதும்.