நெல் ஆலையை விலைக்கு வாங்குமுன்

நல்ல விளைவு கண்ட ஆண்டில் மிஞ்சும் பணத்தை ஏதேனுமொரு தொழிலில் இடுவதற்குக் கமக்காரர் பலர் விரும்புகின்றனர். அவ்வாறு விரும்புவோரின் கண்ணில் முதலிற் படுவது ஊரிலுள்ள சிறு நெல் ஆலையாகும். தமது நெல்லைத் தாமே குற்றி அரிசியாக விற்கலாம். அயலாரின் நெல்லைக் கூலிக்குக் குற்றலாம். தவிடும் உமியும் பயன்படும் என அவர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானதன்று. ஆயினும், வயலை ஈடு வைத்து ஆலை வாங்கியவர், ஆலை நட்டமடையுமாயின் இரண்டையும் இழக்க நேரிடும். ஆகவே, கைப்பணம் கொடுக்குமுன் ஆராய வேண்டியவை இங்கே கூறப்படுகின்றன. மரக்கறிக் கடை, லொறி, உழவு இயந்திரம் முதலியவற்றை வாங்குவோருக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும்.

விற்பவர் ஏன் விற்கின்றார்?

இலாபம் தரும் தொழிலை ஒருவர் காரணமின்றி விற்பதில்லை. முதுமை, நோய், பிள்ளைகள் வேறு தொழிலை நாடியமை என்பன நியாயமான காரணங்கள். பக்கத்தூரிற் புதிய ஆலை எழுந்தமை, பொறி பழுதடைந்தமை, கடன் முற்றியமை என்பனவும் காரணங்களாகலாம். விற்பவர் கூறுவதை மட்டும் நம்பாது, அங்கு நெல் கொண்டுவரும் கமக்காரரையும் வேலையாட்களையும் விசாரித்தறிதல் வேண்டும்.

வரவு வேறு, இலாபம் வேறு

“மாதம் நான்கு இலட்சம் வருகின்றது” என்று விற்பவர் சொல்லலாம். அது பெரும்போக அறுவடைக்குப் பிந்திய மாதத்தின் வரவாக இருத்தல் கூடும். நெல் ஆலைக்கு ஆண்டின் எல்லா மாதங்களும் ஒரே தன்மையன அல்ல. எனவே ஒரு முழு ஆண்டின் கணக்கையேனும் பார்த்தல் வேண்டும். பல ஆண்டுகளின் கணக்கு இருப்பின் மிக நன்று. 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதை அடுத்து, 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைவு பெரிதுங் குறைந்தது. ஊர் நெல்லை நம்பிய ஆலை அத்தகைய ஆண்டில் எவ்வாறு நடந்ததென்பதைக் கேட்டறிதல் பயனுடையது.

கணக்குப் புத்தகம் இல்லையெனின், பன்னிரண்டு மாத மின்சாரப் பற்றுச்சீட்டுக்களைக் கேட்டு வாங்குக. பொறி ஓடிய மாதத்தில் மின்சாரச் செலவு கூடும்; ஓடாத மாதத்திற் குறையும். விற்பவரின் பேச்சிலும் பார்க்க இச்சீட்டுக்கள் நம்பத்தக்க சாட்சியாகும்.

கணக்கிடும் முறையை விளக்குதற்காக ஓர் உதாரணம் தரப்படுகின்றது. இத்தொகைகள் கற்பனையானவை, வாசகர் தம் ஊரின் உண்மைத் தொகைகளை இவ்விடத்தில் இட்டுப் பார்த்தல் வேண்டும்.

கேட்கும் விலை: ரூபா 6,000,000

ஆண்டு வரவு:
பெரும்போகத்தின் பின் 4 மாதம் (மாதம் 400,000): 1,600,000
சிறுபோகத்தின் பின் 3 மாதம் (மாதம் 250,000): 750,000
ஏனைய 5 மாதம் (மாதம் 100,000): 500,000
மொத்தம்: 2,850,000

ஆண்டுச் செலவு:
மின்சாரம்: 700,000
வேலையாட் கூலி, சேமலாப நிதி முதலியன: 800,000
இறப்பர் உருளை, பட்டி, திருத்த வேலை: 250,000
உரிமக் கட்டணமும் பிறவும்: 100,000
மொத்தம்: 1,850,000

மீதி 1,000,000 ரூபா. பலர் இதனையே இலாபமென எண்ணி மகிழ்வர். ஆனால் இன்னும் இரண்டு செலவுகள் கழிக்கப்படவில்லை. முதலாவது, ஆலையில் நாள் முழுதும் நிற்கும் உரிமையாளரின் கூலி. அவர் அங்கு நில்லாவிடின் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தல் வேண்டும். மாதம் 50,000 வீதம் ஆண்டுக்கு 600,000 ரூபாவாகும். இரண்டாவது, பொறியின் தேய்மானம். 2,000,000 பெறுமதியான பொறி பத்து ஆண்டு உழைக்குமாயின், ஆண்டுக்கு 200,000 ரூபாவை ஒதுக்கினாற்றான் அது தேய்ந்தபின் வேறொன்று வாங்கலாம். இவ்விரண்டும் போக எஞ்சுவது 200,000 ரூபா மட்டுமே. இட்ட முதலில் நூற்றுக்கு மூன்றரையும் தேறாது.

இவ்விலையிற் பாதியை நூற்றுக்கு 12 வட்டிக்குக் கடன் வாங்கினால், முதலாண்டு வட்டி மாத்திரம் 360,000 ரூபா. இலாபத்துக்கு மேற்பட்ட 160,000 ரூபாவைத் தம் உழைப்பின் கூலியிலிருந்தோ வயலின் வருவாயிலிருந்தோ கட்ட வேண்டியவராவார். ஆலை கமக்காரருக்குச் சோறு போடாது. கமக்காரரே ஆலைக்குச் சோறு போடுவார்.

விலையை மதித்தல்

காணிக்கும் கட்டிடத்துக்கும் ஊர் நிலவரப்படி ஒரு விலையும், பொறிக்கு அதன் இன்றைய நிலைக்கேற்ற விலையும் மதிக்க. மேற்கூறிய உதாரணத்தில் காணியும் கட்டிடமும் 2,500,000, பொறி 2,000,000 பெறுமெனின், மிகுதியான 1,500,000 ரூபா ஆலையின் நன்மதிப்புக்காகக் கேட்கப்படுவதாகும். இலாபம் இத்துணைக் குறைவாயிருக்கையில் நன்மதிப்புக்கென ஒன்றுங் கொடுத்தல் தகாது. நெல் கொண்டுவருவோர் விற்பவரின் முகத்துக்காக வருகின்றனரா, ஆலை இருக்கும் இடத்துக்காக வருகின்றனரா என்பதையும் சிந்திக்க. முகத்துக்காக வருவோர் அவருடன் போய்விடுவர்.

பொறிகளைப் பரிசோதித்தல்

வெறுமையாக ஓடும் பொறி எல்லாம் நன்றாகவே ஓடும். தமது நெல்லைக் கொண்டு சென்று, நிறுத்து, தம் கண்முன் குற்றுவித்துப் பார்த்தல் வேண்டும். நெல் 14 வீத ஈரத்துக்குக் காய்ந்ததாயிருத்தல் அவசியம். நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமியாகும். நல்ல ஆலையில் 100 கிலோ நெல்லுக்குப் பச்சை அரிசி 62 முதல் 65 கிலோ வரையும், புழுங்கல் அரிசி 68 கிலோ அளவிலும் எதிர்பார்க்கலாம். இதிலும் மிகக் குறையுமாயின், அல்லது குருணல் மிகுமாயின், உருளைகளோ சல்லடைகளோ பழுதென்க. திறமையான பொறி திருத்துநர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் சிறு செலவே.

உறுதியும் கடனும்

காணிக் கைமாற்றம் பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிடின் சட்டப்படி செல்லாது. முதலில் காணிப் பதிவகத்தில் தேடுதல் நடத்தி, ஈடோ வழக்கோ உண்டாவென அறிக. ஆலை நிற்பது அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியாயின் அதை விற்க விற்பவருக்கு உரிமையில்லை. அளிப்புப் பத்திரக் காணியாயின் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். தேசவழமைக்குட்பட்ட பிரிபடாத காணியிற் பங்கு வாங்கும்போது, உடன்பங்காளருக்கு அதை முதலில் வாங்கும் உரிமை உண்டென்பதை மறத்தலாகாது.

பிரதேச சபை உரிமம், சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், மின்சார நிலுவை, வரி என்பவற்றையும் பார்க்க. ஊழியர் சேமலாப நிதிக்கு வேலையாள் நூற்றுக்கு 8, வேலை கொள்வோர் நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலை கொள்வோர் நூற்றுக்கு 3 செலுத்துதல் கடமை. நிலுவை இருப்பின், அதை யார் தீர்ப்பதென்பதை விலை பேசும்போதே எழுதிக் கொள்க.

பங்கு சேர்தல்

தனியே வாங்க இயலாதார் இருவர் மூவராகக் கூடுவதுண்டு. 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட முதலுடைய பங்குடைமை எழுத்தில் ஒப்பமிடப்படல் வேண்டுமென்பது சட்டம். உறவினர்தாமே என்று எழுதாதுவிடல் உறவையும் கெடுக்கும், பணத்தையும் கெடுக்கும். யார் எவ்வளவு முதலிட்டார், யார் வேலை செய்வார், அவருக்குக் கூலி என்ன, நட்டத்தை எவ்வாறு பகிர்வது, ஒருவர் விலகினால் அவர் பங்கை மதிப்பது எப்படி என்பன எல்லாம் எழுதப்படல் வேண்டும். பங்குடைமையின் கடனுக்குப் பங்காளர் தம் சொந்த ஆதனத்தாலும் பொறுப்பாளிகள். ஆலையின் கடனுக்கு வீட்டில் இருக்கும் பங்காளியின் வயலும் போகலாம்.

விற்போருக்கு

ஆலையை விற்க எண்ணுவோர் ஈராண்டுக்கு முன்னரே ஒழுங்கான கணக்கு எழுதத் தொடங்குதல் நன்று. எழுதிய கணக்குள்ள தொழில் நல்ல விலை பெறும். பழுதுகளை மறையாது சொல்லுக. முழுப் பணமும் கைக்கு வருமுன் உறுதி முடித்துத் திறப்பைக் கொடுத்தல் ஆகாது. தவணைக்கு விற்பின், மிகுதிப் பணத்துக்கு அவ்வாதனத்தையே ஈடாக எழுதிக் கொள்க. விற்றபின் வியாபாரப் பெயர்ப் பதிவில் மாற்றம் செய்வித்து, கொடுக்கல் வாங்கல் உள்ளோருக்கு அறிவித்தலும் வேண்டும்.

முடிவாக, வாங்குவோர் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். வரவைப் பார்த்து விலை பேசாது, எல்லாச் செலவும் தம் கூலியும் தேய்மானமும் போக எஞ்சுவதைப் பார்த்தே விலை பேசுக. அக்கணக்கில் ஆலை தேறாவிடின், எவ்வளவு அழகிய ஆலையாயினும் விட்டுவிடுதலே இலாபம். வயலை ஈடு வைத்துத்தான் வாங்க முடியுமென்னும் நிலை வருமாயின், இக்கணக்கை மறுபடியும் ஒருமுறை போட்டுப் பார்க்க.