மெல்ல நடப்பவர் முன்னே செல்லட்டும்

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையின் ஏறத்தாழ நடுவில் உள்ளது கந்தர்வக்கோட்டை. செம்மண் நிலம், முந்திரித் தோப்பு, தைலமரக் காடு, மழையை நம்பிய நிலக்கடலைக் கொல்லை எனச் சமவெளியாகவே விரியும் பூமி இது. மலையைக் காண வேண்டுமாயின் பேருந்து ஏறியே ஆகவேண்டும். இத்தகைய ஊர்களிலும் இன்று இளந்தம்பதியர் சிலருக்கு, வார இறுதியில் மலையேறவும், கூடாரமடித்து ஓர் இரவைத் திறந்த வெளியில் கழிக்கவும் விருப்பம் எழுந்துள்ளது. வீட்டுப் பெரியவர்களோ, "இருக்கிற வேலை போதாதென்று இது வேறா?" என முகஞ்சுளிக்கின்றனர்.

நாம் இதனை நல்ல விருப்பமென்றே கருதுகிறோம். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது முதல், இரவில் கைப்பேசியை அணைப்பது வரை, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து நாலு வார்த்தை பேச நேரமில்லாத காலம் இது. மலைப்பாதையிலோ இருவருக்கும் துணை இருவரே. எனினும், நல்லெண்ணம் மட்டும் மலையில் காப்பாற்றாது. அங்கே நடக்கும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நடையின் முதற்பாடம்

நடப்பது நமக்குப் புதிதன்று. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்தே செல்லும் வழக்கம் நம் பங்குகளில் இன்றும் உண்டு. ஆயினும் அந்த நடைக்கும் மலை நடைக்கும் வேறுபாடு பெரிது. அங்கே பாதை சமதரை. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். முன்னும் பின்னும் மக்கள். மலையிலோ உதவிக்கு வர ஆளில்லை. சுமந்து சென்ற தண்ணீரே தண்ணீர்.

நம் தெருக்களில் ஒரு காட்சியைக் காண்கிறோம். கணவர் பத்தடி முன்னே விரைந்து செல்வார். மனைவி குழந்தையையும் பையையும் சுமந்துகொண்டு பின்னே வருவார். இவ்வழக்கத்தை மலைக்கும் கொண்டுசென்றால் என்ன நேரும்? விரைந்தவர் மேலே ஏறி, ஒரு பாறையில் அமர்ந்து இளைப்பாறுவார். பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "வந்தாயிற்றா? புறப்படுவோம்" என்று எழுந்துவிடுவார். ஓய்வு தேவையற்றவருக்கு ஓய்வு கிடைத்தது, தேவையானவருக்குக் கிடைக்கவில்லை. களைத்த காலே தடுமாறும். களைத்த மனமே சினங்கொள்ளும்.

ஆகவே மலையேறுவோருக்கு முதற்பாடம் இதுதான்: மெல்ல நடப்பவர் முன்னே செல்லட்டும், அவர் நடையே இருவருக்கும் நடையாகட்டும். மெல்ல நடப்பவர் மனைவியாகவே இருப்பார் என்றும் எண்ணவேண்டாம். நாள் முழுதும் கடைக் கல்லாவில் அமர்ந்திருக்கும் கணவரைக் காட்டிலும், கொல்லையில் களையெடுத்துக் குடத்தில் நீர் சுமக்கும் மனைவிக்கே காலில் வலிமை மிகுதியாக இருக்கலாம். நடையின் வேகத்தை அறிய எளிய அளவுகோல் உண்டு. ஏறும்போதே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. சொல் சொல்லாகத் துண்டுபட்டால் வேகம் மிகுதி.

நேரத்தையும் கணக்கிட்டே செல்லவேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் 1892-ஆம் ஆண்டில் வகுத்த கணக்கு இன்றும் உலகெங்கும் வழக்கிலுள்ளது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். இது பழகிய காலுக்கு உரியது. நம் வெயிலில் புதிதாக ஏறுவோர் இதனை இருமடங்காகக் கொள்வது நன்று.

அண்டையிலுள்ள குன்றுகள்

தொடங்குவதற்குத் தொலைவில் செல்லவேண்டியதில்லை. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில், சுமார் 16 கிலோமீட்டரில் உள்ளது சித்தன்னவாசல். குன்றின் மேற்குப் புறத்தில் புகழ்பெற்ற ஓவியங்கள் கொண்ட சமணக் குடைவரை. மறுபுறத்தில் ஏழடிப்பட்டம் எனும் இயற்கைக் குகை. அங்கே துறவியர் படுத்துறங்கிய 17 கற்படுக்கைகளும், கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்தும் உள்ளன. பாறையில் வெட்டிய படிகளில் ஏறி இறங்கினால் கால், முழங்கால், மூச்சு மூன்றின் நிலையும் அரைநாளில் தெரிந்துவிடும்.

அடுத்த படி, புதுக்கோட்டை–திருச்சி சாலையை ஒட்டிய நார்த்தாமலை. அங்கு மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை முதலாக ஒன்பது குன்றுகள் உள்ளன. மேலமலைப் பாறைச் சரிவில் ஏறினால் விசயாலய சோழீச்சரம் எனும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்கோயிலை அடையலாம். சாத்தன் பூதி என்பவர் எழுப்பிய அக்கோயில் மழையால் சிதைய, மல்லன் விடுமன் என்பவர் அதனைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. இவை தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்கள். கண்டு வரலாம், கூடாரமடித்தல் ஆகாது.

மொட்டைப் பாறையில் நிழல் இல்லை. விடியலில் ஏறி, பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். மணிக்கு அரை லிட்டர் வீதமாவது ஒவ்வொருவருக்கும் தண்ணீர் தேவை. ஆதனக்கோட்டை வறுத்த முந்திரியும், கடலை மிட்டாயும், எலுமிச்சைச் சோறும் நம் மண்ணே தரும் சிறந்த வழியுணவு. புதுக் காலணியை வாங்கிய அன்றே மலைக்கு அணிந்து செல்லாமல், இரண்டு வாரம் வீட்டில் பழக்கினால் கொப்புளம் தவிர்க்கலாம். இடி முழங்கும் பொழுதில் உச்சிப்பாறையில் நிற்பது மின்னலுக்கு இலக்காவதாகும், உடனே இறங்கிவிடுக.

இவற்றில் பழகியபின் கொல்லிமலைக்குச் செல்லலாம். ஆனால் அங்குள்ள ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். எளிதான இறக்கம் முதலில் வருகிறது. கடினமான ஏற்றம் களைத்தபின் வருகிறது. இறங்குமுன், "ஏற முடியுமா?" என்று இருவரும் கேட்டுக்கொள்வது நலம்.

முதல் கூடாரம்

முதல் இரவு முகாமை வீட்டு மாடியிலோ, சொந்த முந்திரித் தோப்பிலோ நடத்திப் பார்க்கவேண்டும். கூடாரம் ஒழுகினாலும், விளக்கு அணைந்தாலும், அஞ்சி உறக்கம் வராவிடினும் வீடு அருகிலேயே உள்ளது. வறண்ட ஓடையின் நடுவே கூடாரம் அடிக்கலாகாது. மேலே எங்கோ பெய்த மழை, நள்ளிரவில் அங்கே வெள்ளமாக வரக்கூடும்.

கட்டுவிரியன் பாம்பை மறத்தல் ஆகாது. தரையில் உறங்குவோரை இரவில் கடிப்பது அதன் இயல்பு. வலி மிகக் குறைவாதலால், கடித்ததே பலருக்குத் தெரிவதில்லை. நான்கு ஓரமும் பாயின் அடியில் செருகிய கொசுவலை இதற்கு நல்ல காப்பு. அடிப்பகுதி தைத்த கூடாரத்தையும் எப்போதும் மூடியே வைத்திருக்கவேண்டும். கடிபட்டால் கீறுவதோ, இறுகக் கட்டுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

காட்டுக்கும் சட்டம் உண்டு

2018-ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், வார இறுதி நடைக்காகச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்வெளியில் காற்றோடு ஏறிவரும் தீயை விட விரைவாக மனிதர் மேலே ஓட முடியாது. அத்துயரத்தின் பின்னர், அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில், 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரித்து, வழிகாட்டிகளுடன் செல்லும் திட்டத்தையும் தொடங்கியது. அம்மலைகளில் பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர் பலர் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றுள்ளனர். தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படுவதுண்டு. மூடியிருந்தால் திரும்பி வருவதே அறிவுடைமை. இசைவின்றிக் காப்புக்காட்டில் நுழைவதும் இரவு தங்குவதும் குற்றமாகும்.

துணையோடும் வழிகாட்டியோடும் செல்வதைச் சிலர் கோழைத்தனமென எண்ணுகின்றனர். பின்னாளில் பதினோராம் பத்திநாதர் எனும் திருத்தந்தையான அக்கில்லே ராத்தி, 1889-இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன்தே ரோசாவை ஏறிக் கடந்தபோது அவருக்கு வயது 32. பயிற்சியும் துணிவும் மிக்க அவரும் தனியே செல்லவில்லை. நண்பரான குரு ஒருவரும் வழிகாட்டியும் உடன் சென்றனர். உச்சிக்கருகே குறுகிய பாறை விளிம்பில் அவர்கள் ஒன்றாகவே கடுங்குளிரில் இரவைக் கழித்தனர்.

புறப்படுமுன் வீட்டிலேயே இரண்டு உடன்பாடுகள் செய்துகொள்ளுங்கள். ஒன்று, திரும்பும் நேரம்: உச்சி பத்தடியில் இருந்தாலும் குறித்த மணியானதும் திரும்பிவிடவேண்டும். மற்றொன்று, "போதும், திரும்புவோம்" என்று இருவரில் எவர் சொன்னாலும் மற்றவர் காரணம் கேளாமல் திரும்பவேண்டும். கேலி செய்வதோ, வீட்டுக்கு வந்தபின் குத்திக்காட்டுவதோ கூடாது. இரண்டாவது உடன்பாடு சொல்ல எளிது. கடைப்பிடிக்க மலையேற்றத்தை விடக் கடினம். அதைப் பழகிக்கொண்ட இருவர், கடன், நோய், பிள்ளைகளின் படிப்பு என வீட்டில் ஏறவேண்டிய ஏற்றங்களிலும் ஒருவர் மற்றவரின் மூச்சிரைப்பைக் கேட்டு நிற்பார்கள்.

எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள். ஞாயிறு திருப்பலியை விடாதவாறு பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் பருவமே ஏற்றது. ஒரு சனிக்கிழமை விடியற்காலை, முதற்பேருந்தில் புதுக்கோட்டைக்குச் சென்று, சித்தன்னவாசலில் தொடங்கலாம்.