விதைத்தால் போதாது, களையும் எடுக்க வேண்டும்: கல்லூரி உதவித்தொகையைக் கடைசி ஆண்டு வரை காப்பது எப்படி?

ஜூன் மாதம் விவசாயக் குடும்பங்களுக்கு இரட்டைச் சுமை மாதம். டெல்டாவில் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, நடவுக்கூலி என்று கையில் இருப்பது எல்லாம் வயலுக்குப் போய்விடும். மானாவாரிப் பகுதியில் ஆடிப் பட்டத்துக்குப் பணம் புரட்ட வேண்டும். அதே நேரத்தில்தான் பிளஸ் 2 முடித்த பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணமும் வந்து நிற்கும். நகை அடகுக்குப் போகிறது அல்லது பிள்ளை படிப்பை விட்டுக் கொடுக்கிறது.

இந்த நிலைக்குப் போகாமல் தடுக்க அரசு உதவிகள் பல இருக்கின்றன. முதல் ஆண்டில் அலைந்து திரிந்து வாங்கிவிடுகிறோம். இரண்டாம் ஆண்டில்தான் பலருக்கும் நின்றுபோகிறது. காரணம் பெரும்பாலும் சிறியது: புதுப்பிக்க மறந்தது, வங்கிக் கணக்கு முடங்கியது, வருகைப்பதிவு குறைந்தது. எனவே வாங்குவதைப் போலவே காப்பாற்றுவதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த உதவி யாருக்கு?

முதல் பட்டதாரி சலுகை: தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என யாரும் பட்டம் பெறாத குடும்பத்தில் இருந்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். சாதி, வருமான வரம்பு இல்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே. மூத்தவர் ஏற்கெனவே கலைக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டால் இளையவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

7.5 சதவீத ஒதுக்கீடு: 6-ம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021-லும் இது வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. வேளாண் கல்லூரியில் சேர விரும்பும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன்: மாணவிகளுக்கு 2022 முதலும், மாணவர்களுக்கு 2024 முதலும் மாதம் ரூ.1,000 வழங்கத் தொடங்கப்பட்ட திட்டங்கள் இவை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைப் பெறலாம். பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எல்லாவற்றுக்கும் பொருந்தும். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பிளஸ் 2-க்குப் பிந்தைய உதவித்தொகை: ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகள் வழங்குபவை. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை: பிளஸ் 2-வில் நல்ல மதிப்பெண் பெற்று, குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், இளநிலைப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதை வாங்குபவர்கள் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. எது லாபம் என்று கணக்குப் போட்ட பிறகு விண்ணப்பியுங்கள்.

உழவர் பாதுகாப்புத் திட்டம்: நன்செய் 2.5 ஏக்கர் அல்லது புன்செய் 5 ஏக்கருக்குள் வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளும், விவசாயத் தொழிலாளர்களும் இதில் உறுப்பினராகலாம். உறுப்பினர் அட்டை இருந்தால் கல்லூரியில் படிக்கும் மகன், மகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு மறந்தவர்கள் இன்றே எடுத்துப் பாருங்கள்.

வருமானச் சான்றிதழில் கவனம்

இ-சேவை மையத்தில் ரூ.60 கட்டி விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகச் சான்றிதழ் வரும். விவசாயிகள் இங்கே ஒரு தவறு செய்கிறோம். நெல் விற்ற தொகை முழுவதையும் வருமானம் என்று சொல்லிவிடுகிறோம். மூன்று லட்சத்துக்கு நெல் போட்டு, இரண்டு லட்சம் சாகுபடிச் செலவு ஆகியிருந்தால், கையில் நின்றது ஒரு லட்சம்தான். உரக்கடை ரசீது, கொள்முதல் நிலைய ரசீது, இயந்திர அறுவடைக் கூலிக் கணக்கு ஆகியவற்றை எடுத்துச் சென்று காட்டுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குறைத்துக் காட்டி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் அப்படியல்ல, ஓராண்டுக்குத்தான் செல்லும். கல்லூரி கேட்கும் வரை காத்திருக்காமல், முன்கூட்டியே புதிதாக வாங்கி வைத்துவிடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழையும் பிளஸ் 2 தேர்வு முடிவுக்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது. கலந்தாய்வு நேரத்தில் அலைந்தால் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் அதிகம் இருக்கும்.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது?

இதுதான் அதிகம் பேர் தடுமாறும் இடம். வங்கியில் ஆதார் நகல் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால், ஆதார் எண்ணைக் கணக்கில் பதிவது வேறு; அரசுப் பணம் ஆதார் வழியாக வந்து சேரும் கணக்காக அதைக் குறிப்பது வேறு. ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும், அரசுப் பணம் வருவதற்கு ஒன்றே ஒன்றுதான் குறிக்கப்பட்டிருக்கும். பள்ளிக் காலத்தில் தொடங்கி மறந்துபோன கணக்கு குறிக்கப்பட்டிருந்தால் பணம் அங்கே போய் நிற்கும் அல்லது திரும்பிவிடும். வங்கிக்குச் சென்று, “அரசு மானியப் பணம் வரும் கணக்கு இதுதானா?” என்று நேராகக் கேளுங்கள். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நூறு ரூபாயாவது போட்டு எடுங்கள்.

ஆதார், பிளஸ் 2 மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் நிற்கும்.

இன்னொன்று. நலத்துறை உதவித்தொகை மாணவரின் கணக்குக்கே வரும்போது, அதில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பங்கும் சேர்ந்திருக்கலாம். நடவு நேரத்தில் அந்தப் பணம் வந்தால் கை தானாக உரக்கடைப் பாக்கிக்குப் போகும். பிறகு தேர்வு அனுமதிச் சீட்டு தரும் நேரத்தில் கல்லூரி கட்டணம் கேட்டால் கையைப் பிசைய வேண்டியிருக்கும். விதைநெல்லை யாராவது அவித்துத் தின்பார்களா? கல்லூரிப் பங்கை வந்த அன்றே கட்டி, ரசீதை வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை

உதவித்தொகை தானாகத் தொடராது. ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த பிறகு கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அது நடந்ததா என்று பிள்ளையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குறை சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தால், திருத்தக் கொடுக்கும் நாட்கள் குறைவு.

மத்திய அரசு உதவித்தொகையைப் புதுப்பிக்க ஆண்டுத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். 90 வேலை நாட்கள் உள்ள பருவத்தில் 22 நாட்களுக்கு மேல் விடுப்பு எடுக்க முடியாது. அறுவடைக்கு ஆள் இல்லை, ஊர்த் திருவிழா, உறவினர் கல்யாணம் என்று பிள்ளையை நான்கு நாள், ஐந்து நாள் வீட்டுக்கு அழைப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் ஓர் ஆண்டு உதவியை இழக்க வேண்டாம். உடம்பு சரியில்லாமல் போனால் மருத்துவச் சான்றிதழை உடனே கல்லூரியில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பாடப்பிரிவு மாறுவதற்கும், கல்லூரி மாறுவதற்கும் முன்பு உதவித்தொகை என்ன ஆகும் என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். மாறிய பிறகு கேட்டால் பயன் இல்லை.

கல்விக்கடன் கடைசி வழி

உதவித்தொகை போக எவ்வளவு குறைகிறதோ அதற்கு மட்டும் கடன் வாங்குங்கள். ரூ.4 லட்சம் வரை நம் பங்காக முன்பணம் கட்டத் தேவையில்லை. ரூ.7.5 லட்சம் வரை நிலத்தையோ வீட்டையோ ஈடு கேட்கக் கூடாது என்பது பொதுவான நடைமுறை. குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதன் பிறகு ஓராண்டுக்கும் வட்டி மானியம் உண்டு. வருமானச் சான்றிதழைக் கொடுத்து மானியத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மானியம் இல்லாத கடனுக்குப் படிக்கும்போதே வட்டி ஏறும். அறுவடைப் பணம் வரும்போது வட்டியையாவது கட்டிவந்தால் பின்னால் சுமை குறையும். பெற்றோரும் கடனில் கையெழுத்திடுவதால், உங்கள் பயிர்க்கடன் நிலுவையை வங்கி பார்க்கும். அதைத் தவணைக்குள் புதுப்பித்து வையுங்கள்.

“உதவித்தொகை வாங்கித் தருகிறேன்” என்று பணம் கேட்பவரிடமும், தொலைபேசியில் ஓடிபி கேட்பவரிடமும் எதையும் கொடுக்காதீர்கள்.

வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏப்ரல், மே மாதப் பயிற்சிக் கூட்டங்களில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மகசூல் குறைந்த ஆண்டில் ஒரு குடும்பம் முதலில் நிறுத்துவது பிள்ளையின் படிப்பைத்தான். அதைத் தடுக்க உங்கள் ஒரு சொல் போதும். பிளஸ் 2 முடித்த பிள்ளைகளின் சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணை அழைக்கலாம்.

இன்று மாலையே ஒரு கோப்பு போடுங்கள். சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், கட்டண ரசீதுகள், விண்ணப்ப எண் எல்லாம் அதில் இருக்கட்டும். பட்டாவைப் பத்திரமாக வைக்கும் இடத்திலேயே அதையும் வையுங்கள்.