மெய்யும் அறிவும்: மணிமேகலை கூறும் ‘நினைப்பு’

ஒருவன் கொண்ட கருத்து மெய்யாயிருப்பின், அவன் அப்பொருளை அறிந்தவன் ஆவானா? உலக வழக்கில் இவ்வினா எழுவதில்லை. சொன்னது சரியாய் முடிந்தால் ‘அவன் அறிந்தே சொன்னான்’ என்கிறோம். ஆயினும் மெய்ம்மை, நம்பிக்கை, அறிவு என்னும் மூன்றும் வேறு வேறு இயல்பின. மெய்ம்மை, கூற்றுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள பொருத்தம். நம்பிக்கை, அக்கூற்றைப் பற்றி நிற்கும் உள்ளத்தின் நிலை. அறிவு இவ்விரண்டின் கூட்டம் மட்டுமா, அன்றி அதனின் வேறாய ஒன்றும் வேண்டுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. இதற்குத் தமிழில் தெளிவான விடையொன்று மணிமேகலையின் 27ஆம் காதையாகிய ‘சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதை’யில் உள்ளது. அளவைப் பகுதி கடினமானது எனக் கருதிக் கற்பார் பலரும் அதனை விரைந்து கடந்து விடுவதால், அவ்விடை உரிய கவனத்தைப் பெறவில்லை.

பத்து அளவைகளும் எட்டுக் குற்றங்களும்

வஞ்சி மாநகரில் ஆண் துறவியின் வடிவு கொண்டு சமயவாதியரை அணுகும் மணிமேகலை, முதற்கண் வைதிக நெறியினனாகிய அளவைவாதியின் கொள்கையைக் கேட்கின்றாள். அவன் பொருளின் உண்மையை உணர்தற்குரிய வாயில்கள் பத்து என்று தொடங்குகின்றான். காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம், மீட்சி எனப்படும் ஒழிவறிவு, உண்டாம் நெறி என்பன அவை. வேதவியாதன் பத்தும், கிருதகோடி எட்டும், சைமினி ஆறும் கொண்டனர் எனவும் கூறுகின்றான். பின்னர் இவ்வாயில்கள்போலத் தோன்றி அவ்வாறு ஆகாதனவாகிய எட்டினை நிரல்படக் கூறுகின்றான். அவை சுட்டுணர்வு, திரியக் கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன.

பொதுவாக இவ்வெட்டும் ‘பொய்யுணர்வுகள்’ என்ற ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. அது பொருந்தாது என்பதை நூல் தரும் எடுத்துக்காட்டுகளே காட்டும். இப்பியை வெள்ளி எனக் கொள்ளும் திரிபு பொய்யே. முயற்கோடு என்னும் சொல்லைக் கேட்ட அளவில் ஒன்று உளதுபோல் உள்ளத்தில் தோன்றும் இல்வழக்கும் பொய்யே. ஆனால் தறியோ மகனோ எனத் தடுமாறும் ஐயம் மெய்யும் அன்று, பொய்யும் அன்று. அங்கே முடிவு பிறக்கவே இல்லை. புலி அணுகி வருவதைக் கண்டும் அறியாதிருக்கும் கண்டுணராமையில் பொய்யான முடிவு ஏதும் இல்லை, முடிவின்மையே குற்றம். ஒரு பொருள் உண்டு என்ற அளவில் மட்டும் கண்டு, அதன் சிறப்பியல்பை அறியாது நிற்பது சுட்டுணர்வு. அதுவும் பொய்யன்று, நிரம்பாதது எனலாம். குளிருக்குத் தீ மருந்து என்று முன்னரே தெரிந்ததை மீண்டும் எண்ணுவது உணர்ந்ததை உணர்தல். அது முற்றும் மெய். புதியதொன்றை உணர்த்தாமையின் அளவை ஆகாதென விலக்கப்படுகின்றது.

எனவே இவ்வெட்டினையும் தொகுத்த நூற்கருத்து ‘பொய்யானவை’ என்பதன்று. ‘அளவையால் பிறவாதவை’ என்பதே. ஒரு கருத்து எவ்வாறு முடிந்தது என்பதைக் காட்டிலும் எவ்வழியாகப் பிறந்தது என்பதே இங்கு நோக்கப்படுகின்றது.

இதனைத் தேராது தெளிதல் இன்னும் விளக்கும். செண்டுவெளியில் நிற்கும் தறியை ஆராயாது மகன் எனத் துணிதல் அதற்கு எடுத்துக்காட்டு. ஐயத்திற்கும் இதற்கும் பொருள் ஒன்றே. தறியே இரண்டிலும் வருகின்றது. ஒருவன் தயங்குகின்றான், மற்றவன் ஆராயாமல் துணிகின்றான். இக்குற்றத்திற்கு ஆசிரியர் இட்ட பெயர் ‘பொய்த் தெளிவு’ என்பதன்று. ‘தேராது’ என்னும் எதிர்மறை எச்சமே அப்பெயரில் குற்றத்தைச் சுட்டுகின்றது. அங்கு நின்றது தற்செயலாக மகனாகவே இருந்தாலும், அவன் தேராமல் தெளிந்தான் என்பது மாறாது. மெய் வாய்த்தது; அறிவு வாய்க்கவில்லை.

நினைப்பு என்னும் குற்றம்

எட்டனுள் இறுதியாக நின்ற நினைப்பு நம் வினாவிற்கு நேரான விடையாகும். ‘உனக்கு இவர் தாயும் தந்தையும்’ என்று பிறர் கூற, அதற்குரிய காரணம் ஏதும் தன்பால் தோன்றாமலே அதனைக் கருதிக் கொள்ளுதல் நினைப்பு என்பது நூல் தரும் விளக்கம். இவ்வெடுத்துக்காட்டு பெரிதும் நோக்கத்தக்கது. தறியை மகன் என்பதில் பொய் உண்டு. தாய் தந்தையர் இவர் எனப் பிறர் சொல்வதோ பெரும்பாலும் மெய்யாகவே இருக்கும். மெய்யாதற்கு மிகவும் இயைந்த ஒன்றனையே எடுத்துக்கொண்டு, அதுவும் அளவை ஆகாது என்று விலக்குகின்றார் ஆசிரியர். பிறர் சொல் பொய்யாகலாம் என்பது மட்டும் அவர் கருத்தாயின், பொய்யான ஒரு செய்தியையே எடுத்துக் காட்டியிருப்பார்.

இங்கு ஒரு தடை எழும். பிறர் சொல்லால் வரும் உணர்வு குற்றமாயின், அதே அளவைவாதி ஆகமத்தைப் பத்தனுள் ஒன்றாகக் கொண்டது எங்ஙனம்? ஆகமத்திற்கு அவன் தரும் விளக்கத்தில் சொல்லுவோன் அறிவன். அவனது நூலால் கண்காணாப் போகபுவனம் உண்டெனத் தெளிகின்றோம். நினைப்பில் சொல்லுவோர் வெறும் ‘பிறர்’. சொல் என்னும் வாயில் இரண்டிற்கும் பொதுவாயினும், சொல்லுவோன் அறிந்தவன் என்னும் காரணம் முன்னதில் உண்டு, பின்னதில் இல்லை. ஆகவே விலக்கப்பட்டது சொல் அன்று. காரணமின்றிச் சொல்லைப் பற்றுதலே. அவ்வாறாயின், இம்மரத்தில் ஒரு பேய் உண்டு என உலகோர் வழிவழியாகக் கூறுவதைத் தெளியும் ஐதிகம் பத்தனுள் நிற்பது பொருந்துமா என்னும் வினா மீண்டும் எழும். அது பொருந்துவதில் இடர்ப்பாடு உண்டு. அளவைவாதி தானே, இக்காலத்து வழங்குவன ஆறு அளவைகளே என்று பின்னர்க் கூறும்போது, அவ்வாறனுள் ஐதிகம் இடம் பெறவில்லை என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

அதே எடுத்துக்காட்டு மீண்டும் வருதல்

காதையின் தொடக்கத்தில் குற்றத்திற்குச் சான்றாக வந்த தாய் தந்தையர், அதன் முடிவில் வேறொரு நோக்கத்துடன் மீண்டும் வருகின்றனர். இறுதியில் மணிமேகலை கேட்பது பூதவாதியின் கொள்கை. கண்கூடாகக் காண்பதே உறுதி, கருத்தளவு நில்லாது, மறுமை என்பது பொய் என்பது அவன் துணிபு. மணிமேகலையோ தன் முற்பிறப்பை உணர்ந்தவள். அவன் கூற்றைக் கேட்டு நகைக்கின்றாள். அத்தகைய உணர்வெல்லாம் தெய்வ மயக்கத்தாலோ கனவாலோ நேரும் மயக்கமே என்கிறான் அவன். அதற்கு அவள் ஒரே வினாவை விடையாகத் தருகின்றாள். உன் தாய் தந்தையரைக் கருதலளவையால் அன்றி இவ்வுலகில் வேறு எவ்வாறு அறிவாய் என்பது அவ்வினா.

பூதவாதியை மடக்குதல் இவ்வினாவின் பயன் என்பது வெளிப்படை. தன் பிறப்பை எவனும் கண்டறிந்தானல்லன். காட்சியே அளவை என்பான், தன் பெற்றோர் இன்னார் என்பதையே அறியாதவன் ஆகின்றான். ஆயினும் இரண்டு இடங்களையும் ஒருங்கு வைத்து நோக்கினால் வேறொரு பயனும் புலனாகின்றது. ‘இவர் என் தாய் தந்தையர்’ என்னும் அதே கூற்று, ஓரிடத்தில் நினைப்பு; மற்றோரிடத்தில் கருதலால் பெற்ற அறிவு. கூற்று மாறவில்லை, மெய்ம்மையும் மாறவில்லை. பிறர் சொன்னார் என்று மட்டும் பற்றியவனிடத்து அது நினைப்பாய் நிற்கின்றது. வளர்ப்பாரது ஒழுகலாறு, உருவொப்பு, பலர் கூற்றின் இசைவு ஆகியவற்றை ஏதுவாகக் கொண்டு துணிந்தவனிடத்து அது அறிவாகின்றது. இவ்வேதுக்கள் நூலில் கூறப்பட்டன அல்ல. கருதல் என்றமையால் நாம் வருவித்துக் கொள்வன. வேறுபாடு முழுதும் காரணத்தின் உண்மை இன்மைகளில் உள்ளது என்பதே கருத்து.

இவ்வெட்டுக் குற்றங்களையும் சாத்தனாரின் சொந்தக் கொள்கை எனக் கொண்டுவிடுதல் ஆகாது என்பதையும் இங்குச் சொல்லுதல் வேண்டும். 29ஆம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் பௌத்த அளவை வேறானது. அங்கே அளவை காட்சியும் கருதலும் என இரண்டே. பிற எல்லாம் கருதலுள் அடங்கும். அளவைவாதி குற்றமெனத் தள்ளிய சுட்டுணர்வே அங்குக் காட்சியின் இலக்கணமாகக் கொள்ளப்படுகின்றது. பெயர், சாதி, குணம், செயல் என்பவற்றொடு கலவாத உணர்வே காட்சி என்பர் பௌத்தர். ஆதலின் ஒரே சொல் இரு காதைகளில் இரு மதிப்புப் பெறுகின்றது. எனினும் நினைப்பைப் பொறுத்தவரை இரு சாராரும் மாறுபடவில்லை. பிறர் சொல்லைத் தனியளவையாகக் கொள்ளாத பௌத்தருக்கு, அது கருதலுக்கு ஏதுவாகும் அளவிலேயே அறிவைத் தரும்.

பிற நாட்டார் கண்ட இதே வினா

கிரேக்க நாட்டில் பிளேட்டோ, ‘மேனோ’ என்னும் உரையாடலில் இவ்வினாவை எழுப்பினார். இலரிசா நகருக்குச் செல்லும் வழியை அறிந்தவனும், அவ்வழியே சென்றறியாமல் சரியாகக் கருதியவனும் பிறரை ஒன்றுபோலவே நகருக்குக் கொண்டு சேர்ப்பர். பின் அறிவுக்கு என்ன உயர்வு? மெய்யான கருத்துக்கள் கட்டப்படாத சிலைகள் ஓடிவிடுவதுபோல உள்ளத்தை விட்டு அகன்றுவிடும். காரணத்தை ஆராய்ந்து கட்டும்போதே அவை அறிவாய் நிலைபெறும் என்பது அங்குக் கூறப்படும் விடை. நினைப்பின் விளக்கத்திலும் ‘காரணம்’ என்னும் சொல்லே வருவது எண்ணத்தக்கது. இதனால் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது எனக் கூறுதல் வேண்டா. ஒரே இடர்ப்பாட்டை ஆராய்ந்தோர் ஒரே இடத்தை அடைந்தனர் என்பதே அமையும்.

காரணம் இருந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. கி.பி. 8ஆம் நூற்றாண்டினராகிய பௌத்த அறிஞர் தருமோத்தரர் ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். இறைச்சி சுடுவதற்காக ஓரிடத்தில் தீ மூட்டப்படுகின்றது. புகை இன்னும் எழவில்லை. இறைச்சியை நாடி மொய்த்த பூச்சிக் கூட்டத்தைத் தொலைவில் நிற்பான் ஒருவன் புகையெனக் கண்டு, அங்கே தீ உண்டு எனக் கருதுகின்றான். தீ உண்மையாகவே உண்டு. அவன் கருதியதற்குக் காரணமும் உண்டு. ஆனால் அக்காரணம் திரிபுக் காட்சி. அவன் தீயை அறிந்தான் எனல் இயலாது. அமெரிக்க மெய்யியலார் எட்மண்டு கெட்டியர் 1963இல் வெளியிட்ட மூன்று பக்கக் கட்டுரை, தக்க காரணமுடைய மெய்யான நம்பிக்கையே அறிவு என்னும் இலக்கணம் நிரம்பாது என்று இத்தகைய எடுத்துக்காட்டுகளால் காட்டி, மேலைநாட்டு அறிவாராய்ச்சியின் போக்கையே மாற்றியது. எனவே காரணம் உண்டு என்பதோடு, அது மாசற்றதாய் அப்பொருளொடு தொடர்புடையதாய் இருத்தலும் வேண்டும். சிவஞான சித்தியார் காட்சிக்கு இலக்கணம் கூறுங்கால் ஐயமும் திரிபும் இன்றி அறிதலை வேண்டியதும் இது பற்றியே.

ஆராய்ச்சியாளர்க்கு இதனால் ஆவது

இவ்வேறுபாடு மெய்யியலார்க்கு மட்டும் உரியதன்று. தமிழிலக்கிய வரலாற்றை ஆராய்வார்க்கு இது நாள்தோறும் வேண்டுவது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். அசோகனது இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரர் என்பாரையும் சுட்டுகின்றது. இச்சதியபுத்திரர் யாவர் என்பது நெடுங்காலம் வழக்காய் இருந்தது. கோசர் என்றனர் சிலர். அதியமான் மரபினர் என்றனர் சிலர். 1981இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுத்தன் என்றே குறிப்பதால் வழக்குத் தீர்ந்தது.

அதியமான் மரபினர் என்று முன்னரே கூறியோர் சதியபுத்திரர் யாவர் என்பதை அறிந்திருந்தனரா? அவர் கூற்று மெய்யாயிற்று. ஆயினும் ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றிக் கூறியவர்க்கும், ஆசிரியர் சொன்னார் என்று அதனை வாங்கிக் கொண்டவர்க்கும், 1981க்குப் பின் கல்வெட்டைக் கற்றுத் துணிந்தவர்க்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முதலாமவர் கொண்டது கருதுகோள். அது ஆராய்ச்சிக்கு வேண்டுவதே. இரண்டாமவர் கொண்டது நினைப்பு. மூன்றாமவர் பெற்றது அறிவு. பின்னர் மெய்யாயிற்று என்பதனால் முன்னைய நினைப்பு அறிவாகிவிடாது. இதனை மறந்தால், மெய்யாய் முடிந்த ஊகங்களை மட்டும் எண்ணி, அதே முறையால் பிறந்து பொய்யாய் முடிந்தவற்றை மறந்து, அம்முறையையே அளவையாக மதிக்கும் பிழை நேரும்.

பிறர் சொல்லை முற்றும் விலக்கி ஆராய்ச்சி நடைபெறாது என்பதும் உண்மையே. ஏட்டுச் சுவடியைப் பார்த்துப் பாடங்கொண்ட பதிப்பாசிரியரை நாம் நம்புகின்றோம். கல்வெட்டைப் படித்தவரின் வாசிப்பை நம்புகின்றோம். 1898இல் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்திராவிடின் இவ்வாராய்ச்சிக்கே இடமில்லை. இந்நம்பிக்கை நினைப்பு ஆகாது. அவர் எச்சுவடிகளைக் கண்டார், எப்பாட வேறுபாடுகளைக் காட்டினார் என்பது நம்முன் உள்ளமையின் காரணம் தோன்றி நிற்கின்றது. வேண்டுவார் அதனை மீண்டும் ஆராயவும் கூடும்.

திருவள்ளுவர் மெய்ப்பொருள் காண்டலை அறிவு என வரையறுக்கும் தொடரை இருமுறை ஆண்டார். மெய்யுணர்தலில் பொருளின் தோற்றத்தை நோக்கியும், அறிவுடைமையில் சொல்லுவோரை நோக்கியும் அது வருகின்றது. தோற்றத்தால் வருவது திரிபு. பிறர் சொல்லால் வருவது நினைப்பு. இருவழியும் காக்கப்படல் வேண்டும் என்பது அவர் உள்ளம் போலும். மெய்யான செய்தியைக் கேட்டு வைத்திருத்தல் எளிது. அதனைக் காணுதலே அறிவு. மாணவர் ஒவ்வொரு முடிபினையும் ஏற்குமுன், ‘இது மெய்யா?’ என்பதனோடு ‘இதனை நான் எவ்வாயிலால் பெற்றேன்?’ என்றும் வினவப் பழகின், அளவை நூல் கற்றதன் பயன் கைகூடும்.