பூஜ்ஜியத்தை மறந்த புரோகிராம்: லினக்ஸில் 12 ஆண்டுகள் ஒளிந்திருந்த ஓட்டை

டெர்மினலில் 'சிபி' என்று அடித்து, பின்னால் இரண்டு ஃபைல் பெயர்களைக் கொடுத்தால் காப்பி ஆகிவிடும். அப்போது அந்த புரோகிராமின் கைக்குப் போவது என்ன தெரியுமா? மூன்று சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், கூடவே '3' என்ற எண்ணிக்கை. பூஜ்ஜியமாவது இடத்தில் புரோகிராமின் சொந்தப் பெயர் இருக்கும். நாம் கொடுக்கும் ஆர்கியூமென்ட்கள் 1-வது இடத்தில்தான் தொடங்கும்.

அதனால் சி மொழியில் எழுதுபவர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டு 1-ல் இருந்து படிக்க ஆரம்பிப்பார்கள். பெயரே இல்லாத புரோகிராம் ஏது, எண்ணிக்கை எப்படியும் 1 இருக்கும்ல என்ற நம்பிக்கை!

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது 2022 ஜனவரி 25 அன்று தெரியவந்தது. புனேயில் பெரிய மென்பொருள் மையம் வைத்திருக்கும் அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனமான குவாலிஸ், 'பிகேஎக்செக்' புரோகிராமில் இருந்த ஓட்டையை அன்று வெளியிட்டது. சாதாரண பயனர் அனுமதி பெற்று ரூட் அதிகாரத்தில் கட்டளைகளை இயக்க உதவும் புரோகிராம் இது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா என எல்லாவற்றிலும் இருந்தது.

லினக்ஸில் ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கும்போது, ஆர்கியூமென்ட் பட்டியலைக் காலியாகவே கொடுக்க முடிந்தது. அப்போது எண்ணிக்கை 0. பிகேஎக்செக்கோ வழக்கம்போல 1-வது இடத்தைப் பார்க்கும். மெமரியில் அங்கே இருப்பது, பட்டியலை ஒட்டி வரும் என்விரான்மென்ட் வேரியபிள்களில் முதலாவது. அதைக் கட்டளை என்று நினைத்து, அதன் முழு பாத்தைத் தேடி, அதே இடத்தில் திருப்பி எழுதியும் விடும்.

வினையே இங்குதான். ரூட் அதிகாரத்தில் ஓடும் புரோகிராம்களுக்கு ஆபத்தான வேரியபிள்களை லினக்ஸ் முன்கூட்டியே நீக்கிவிடும். வாசலில் செக்கிங் முடிந்த பிறகு, பிகேஎக்செக்கே அப்படி ஒன்றை உள்ளே கொண்டுவந்து வைக்கிறது. பாஸ்வேர்ட் இல்லாமலே ரூட்! ஒரே ஆறுதல், தாக்குபவருக்கு அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு கணக்கு வேண்டும்.

2009 மே மாதத்தின் முதல் பதிப்பிலேயே இருந்த ஓட்டை இது. எண்ணிக்கை 1-க்கும் குறைவா என்று சோதிக்கும் சில வரிகளில் சரியாகிவிட்டது.

நீங்கள் சி-யில் எழுதினால் அந்தச் சோதனையை ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். பைத்தான் என்றால், நீங்களே பட்டியலைப் பிரிக்காமல் மொழியோடு வரும் 'ஆர்க்பார்ஸ்' போதும். கேட்ட ஆர்கியூமென்ட் வராவிட்டால், எது குறைகிறது என்று சொல்லி அதுவே நிறுத்திவிடும்.

லினக்ஸ் கெர்னலும் 2022-ல் வந்த 5.18 பதிப்பு முதல் உஷாராகிவிட்டது. காலிப் பட்டியல் வந்தால், பூஜ்ஜியமாவது இடத்தில் ஒரு வெற்றுச் சொல்லைத் தானே சேர்த்து, எண்ணிக்கையை 1 ஆக்கிவிடுகிறது.